வீட்டுப் பணத்தைப் பிள்ளையே எடுத்தால்: அடிப்பதா, பூட்டுவதா, திருப்பிக் கொடுக்க வைப்பதா?

பீரோவில் எண்ணி வைத்த பணத்தில் இருநூறு ரூபாய் குறைகிறது, அல்லது ஆயாவின் சுருக்குப் பையில் இருந்த நோட்டைக் காணவில்லை. எடுத்தது வெளியாள் அல்ல, வீட்டுப் பிள்ளைதான் என்று தெரியவரும்போது பெற்றோர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: அடித்துத் திருத்துவதா, அன்பாகச் சொல்லிப் பார்ப்பதா? வேலூர், குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கங்களில் பல வீடுகளில் தாத்தா, ஆயா, சித்தப்பா, அத்தை எல்லோரும் ஒரே கூரையின் கீழோ ஒரே தெருவிலோ இருப்பதால், ஆளுக்கொரு வழி சொல்வார்கள். பெற்றோர் நாளுக்கொரு வழியாக மாறிக்கொண்டே இருப்பார்கள். அந்த வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். எல்லா வழிக்கும் வெளியில் தெரியாத ஒரு விலை உண்டு என்பதால், அதையும் சேர்த்தே கணக்கிட வேண்டியிருக்கிறது.

முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலாவது வயது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு ‘இது அடுத்தவருடையது’ என்ற எண்ணமே இன்னும் உறுதிப்பட்டிருக்காது. பிடித்ததை எடுக்கும், கேட்டால் காட்டும். ஆறு, ஏழு வயதில் எடுப்பது தவறு என்று தெரியும், ஆனால் ஆசையை அடக்கும் திறன் குறைவு. பன்னிரண்டுக்கு மேல் திட்டமிடவும் மறைக்கவும் முடியும். நம் சட்டமே இந்தப் படிநிலையை ஏற்றுக்கொண்டிருக்கிறது: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 20-ஆம் பிரிவின்படி ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது, ஏழு முதல் பன்னிரண்டு வரை, செய்ததன் தன்மையையும் விளைவையும் உணரும் முதிர்ச்சி இல்லாத பிள்ளைக்கு 21-ஆம் பிரிவு அதே பாதுகாப்பைத் தருகிறது. சட்டத்தைவிடக் கடுமையாக ஒரு குடும்பம் நடந்துகொள்ளத் தேவையில்லை.

இரண்டாவது, பணம் யாருடையது. தந்தையின் சட்டைப்பையிலிருந்து ஐந்நூறு போவதும், 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் உதவித்தொகையிலிருந்து அதே ஐந்நூறு போவதும் ஒன்றல்ல. ஆயாவுக்கு அது அந்த மாதத்து மாத்திரையும் வெற்றிலைப்பாக்கும். மகளிர் குழுத் தவணைக்கு ஒதுக்கி வைத்த பணமாக இருந்தால், தாய் மற்ற உறுப்பினர்கள் முன் தலைகுனிய வேண்டிவரும். அண்ணன் தங்கையின் உண்டியலை உடைத்திருந்தால், இழந்தவரும் ஒரு குழந்தை என்பதை மறந்துவிடக் கூடாது.

மூன்றாவதையே நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன்: அந்தப் பணம் எங்கே போனது? தின்பண்டத்துக்குப் போயிருக்கலாம். வகுப்பில் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்து நட்பைச் சம்பாதிக்கப் போயிருக்கலாம். வீட்டில் கஷ்டம் என்று தெரிந்து, பள்ளியில் கேட்ட காசை வாய்விட்டுக் கேட்க முடியாமல் எடுத்திருக்கலாம். கைபேசி விளையாட்டில் டைமண்ட் வாங்கவோ, கூல் லிப் போன்ற புகையிலைப் பொருளுக்கோ போயிருக்கலாம். மூத்த மாணவனோ வயதுவந்த ஒருவரோ மிரட்டிப் பறித்திருக்கலாம். சில சமயம் பணம் செலவாகியே இருக்காது. துணிகளுக்கு அடியில் மடித்தபடி கிடக்கும். தந்தை பட்டாளத்துக்கோ வெளிநாட்டுக்கோ திரும்பிப் போன பிறகும், தம்பி தங்கை பிறந்த பிறகும் பிள்ளைகள் இப்படி எடுத்து வைத்துக்கொள்வது உண்டு. இந்தக் காரணங்கள் ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு என்பதால், காரணம் தெரியுமுன் வழியைத் தேர்ந்தெடுப்பது பயனற்றது.

எனவே ஒவ்வொரு வழியையும் மூன்று கேள்விகளால் அளக்கலாம். பணம் போன இடம் தெரியவருகிறதா? இழந்தவருக்கு இழப்பு ஈடாகிறதா? அடுத்த முறை ஆசையோ நெருக்கடியோ வரும்போது பிள்ளை நம்மிடம் வந்து சொல்லுமா?

இதற்கெல்லாம் முன்பாக, எடுத்தது அந்தப் பிள்ளைதானா என்பது உறுதியாக வேண்டும். நம் பக்கத்தில் பணம் காணாமல் போனால் வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பதும், குறி கேட்பதும், எல்லோரையும் நிற்கவைத்துக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வதும் இன்னமும் நடக்கிறது. பயத்தில் பொய்ச் சத்தியம் செய்த குழந்தை, அம்மன் கண்ணைக் குத்திவிடும் என்று இரவெல்லாம் தூங்காமல் கிடக்கும். எடுக்காத குழந்தை தடுமாறி நின்றால் பழி அதன்மேல் விழும். ஒரு வாரம் பணத்தை எண்ணி, எழுதி வைப்பது இவை எல்லாவற்றையும்விட நம்பகமானது.

அடியும் அவமானமும்

பெரும்பாலான வீடுகளில் முதலில் கைக்கு வருவது இதுதான். அடிப்பது, சோறு போடாமல் இருப்பது, கையில் சூடு வைப்பது, உறவினர் முன்னால் ‘இவனுக்குக் கை நீளம்’ என்று சொல்வது எல்லாம் இதில் அடங்கும். உடனே ஒரு பலன் தெரிவதாலேயே இதைப் பலர் நம்புகிறார்கள்: பிள்ளை அழுகிறது, மன்னிப்புக் கேட்கிறது, சில வாரங்கள் பணம் குறையவில்லை.

ஆனால் மூன்று கேள்விகளிலும் இந்த வழி தோற்கிறது. அடிக்கு அஞ்சும் பிள்ளை பணம் போன இடத்தைச் சொல்லாது. சொன்னால் இன்னொரு அடி விழும் என்று அதற்குத் தெரியும். யாரோ மிரட்டிப் பறித்திருந்தால், வெளியே ஒருவனுக்கும் வீட்டில் தந்தைக்கும் நடுவில் அது தனியாக மாட்டிக்கொள்கிறது. இழந்தவருக்கு ஒரு ரூபாயும் திரும்பவில்லை. அடுத்த முறை எடுக்காமல் இருப்பதைவிட, பிடிபடாமல் எடுப்பதையே அந்த அடி சொல்லிக்கொடுக்கிறது.

அவமானத்தின் விலை இன்னும் நீளமானது. கல்யாண வீட்டில் மொய்க் கவர் ஒன்று காணாமல் போனால், எல்லோர் கண்ணும் ‘அந்தப் பிள்ளை’ பக்கம் திரும்பும். ஒன்பது வயதில் ஒட்டிய பெயர் பெண் பார்க்கும் காலம்வரை கூட வருவதை நம் சொந்தங்களுக்குள்ளேயே பார்க்கலாம். சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன்: தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தேவையற்ற உடல், மன வேதனைக்கு உள்ளாக்கும் வகையில் தாக்குவதும் கொடுமைப்படுத்துவதும், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 75-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சூடு வைப்பதை ‘வளர்ப்பு முறை’ என்று யாரும் நியாயப்படுத்த முடியாது.

கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குரலில் உறுதியும், முகத்தில் வருத்தமும், சொன்னதைச் செய்யும் பிடிவாதமும் கட்டாயம் தேவை. அவற்றுக்குக் கை ஓங்க வேண்டிய அவசியம் இல்லை. அடிதான் சிறந்த வழி என்று சொல்லத்தக்க ஒரு சூழ்நிலைகூட எனக்குத் தெரியவில்லை.

கண்டுகொள்ளாமல் விடுவது

‘வயசு வந்தா சரியாயிடும்’ என்று விட்டுவிடுவதும், ஆயா தன் கையிருப்பைப் போட்டுக் குறையை ஈடுகட்டி மூடிமறைப்பதும் இந்த வழி. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இது ஏறக்குறையச் சரி. பொருளை வாங்கி உரியவரிடம் கொடுத்து, ‘கேட்டுட்டு எடுக்கணும் கண்ணு’ என்று சொன்னால் போதும், அதைத் திருட்டு என்று அழைப்பதே மிகை. பள்ளி வயதுப் பிள்ளையிடம் இது ஆபத்தானது. தெரிந்தும் யாரும் கேட்கவில்லை என்பது அதற்குப் புரிந்துவிடும். எடுக்காத அக்காவுக்கும் தங்கைக்கும் புரிந்துவிடும். மூடிமறைக்கும் பாட்டிக்கும் கண்டிக்கும் தந்தைக்கும் இடையே வரும் சண்டையில், பணம் எங்கே போனது என்ற கேள்வியைக் கேட்க ஆளே இருக்காது.

பூட்டி வைப்பது

பீரோச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது, பணத்தை வங்கியில் போடுவது, கைபேசியின் யுபிஐ ரகசிய எண்ணை மாற்றுவது எல்லாம் இதில் சேரும். செலவு குறைவு, உடனே செய்யலாம், யாரையும் புண்படுத்தாது. கையெட்டும் இடத்தில் பணம் கிடக்கும் வீட்டில், ஆசையை அடக்க முடியாத வயதுப் பிள்ளைக்கு இது ஓர் உதவியும்கூட. பீடி வாரக் கூலியும் சீட்டுப் பணமும் கடுகு டப்பாவில் கிடக்கும் வீடுகளில் இதை அன்றைக்கே செய்துவிட வேண்டும்.

கைபேசிவழி எடுக்கப்படும் பணத்துக்குப் பூட்டு மிக அவசியம். விளையாட்டில் வாங்கும் பொருள் பிள்ளையின் கண்ணுக்குப் பணமாகவே தெரிவதில்லை. திரையில் ஓர் எண் குறைகிறது, அவ்வளவுதான். வங்கிச் செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலை வாரம் ஒருமுறை பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்ப்பது நல்லது. ரகசிய எண்ணைப் பிள்ளையிடம் சொல்லி ‘பால் கடைக்கு அனுப்பிவிடு’ என்று வேலை வாங்கும் பழக்கத்தை நிறுத்துவது அதைவிட நல்லது.

ஆனால் பூட்டை மட்டும் நம்பினால், வீட்டில் கிடைக்காதது பக்கத்து வீட்டில் எடுக்கப்படும். அப்போது பிரச்சினை குடும்பத்தின் கையைவிட்டுப் போய்விடும். எனவே இது துணை வழிதான். தனி வழியாக இதை எந்த வீட்டுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒப்புக்கொள்ள வைத்துத் திருப்பிக் கொடுக்கச் செய்வது

ஆறு வயது முதல் பதினான்கு, பதினைந்து வரையிலான பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு முதலில் எடுக்க வேண்டிய வழி இதுவே என்பது என் உறுதியான கருத்து. மூன்று கேள்விகளுக்கும் ஒருசேரப் பதில் தருவது இது ஒன்றுதான். ஆனால் அவசரமாகச் செய்தால் இதுவும் அவமானப்படுத்தலாக மாறிவிடும்.

பேசும் நேரம் முதல் விஷயம். பணம் காணாமல் போனது தெரிந்த அந்த நிமிடத்தில், கோபம் தலைக்கேறியிருக்கும்போது பேசக் கூடாது. தாயோ தந்தையோ ஒருவர் மட்டும், தனியாக, சாப்பாடு முடிந்த பிறகு பேசலாம். ‘நீ எடுத்தியா?’ என்று தெரிந்துகொண்டே கேட்பது பொய்க்கு வாசலைத் திறந்துவைப்பதாகும். அந்தக் கேள்விக்குப் பயந்த பிள்ளை ‘இல்லை’ என்றுதான் சொல்லும், பிறகு திருட்டோடு பொய்யும் சேர்ந்துவிடும். ‘ஆயா பையில இருந்து எரநூறு ரூபா நீ எடுத்தது எனக்குத் தெரியும்பா. அடிக்க மாட்டேன். எதுக்கு எடுத்த, அதைச் சொல்லு’ என்று தெரிந்ததைத் தெரிந்ததாகவே சொல்லிவிட்டுக் காரணத்தைக் கேட்க வேண்டும். பதில் உடனே வராது. அமைதியாகக் காத்திருக்க வேண்டியது நம் வேலை. மறுநாள் வந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது திருப்பிக் கொடுப்பது. இழந்தவரிடம் பிள்ளையே நேரில் போய்க் கொடுக்க வேண்டும்; ஆனால் அந்த இடத்தில் வேடிக்கை பார்க்க யாரும் இருக்கக் கூடாது. ஆயாவிடம் முன்கூட்டியே பேசி வைப்பது அவசியம், ஏனெனில் பாசத்தில் ‘போனா போவுது, நீயே வச்சுக்கோ’ என்று அவர் சொல்லிவிட்டால் முழு முயற்சியும் அங்கேயே முடிந்துபோகும்; கோபத்தில் பழைய கதையெல்லாம் எடுத்துப் பேசினாலும் அப்படியே.

தொகையைக் கணக்கிடுவதில்தான் பல பெற்றோர் தடுமாறுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளை அறுநூறு ரூபாய் எடுத்துச் செலவழித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வாரம் 25 ரூபாய் பிடித்தால் 24 வாரம் ஆகும். அந்த வயதுக்கு அது முடிவே இல்லாத தண்டனை, நடுவில் மறுபடி எடுக்கத் தூண்டும் பாரமும்கூட. இழந்தவருக்கு முழுத் தொகையையும் பெற்றோர் உடனே கொடுத்துவிட்டு, பிள்ளை பெற்றோருக்கு வாரம் 30 ரூபாய் வீதம் 8 வாரம், அதாவது 240 ரூபாய் மட்டும் திருப்பித் தந்தால் கணக்கு முடிந்தது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. முடியும் நாள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கைச்செலவே இல்லாத வீடுகளில், வழக்கமான வேலைக்கு மேல் ஏதேனும் ஒரு வேலையை ஈடாக வைக்கலாம்: மொட்டை மாடியைக் கழுவுவது, மாட்டுக்குப் புல் அறுத்து வருவது போன்றவை. பீடி சுற்ற உட்காரவைப்பது மட்டும் கூடாது. அந்தத் தூள் பிள்ளையின் நெஞ்சுக்குக் கேடு, பிள்ளைகளுக்குச் சட்டம் தடைசெய்த வேலையும் அது.

கணக்கு முடிந்த பிறகு அந்த விஷயத்தை யாரும் எடுக்கக் கூடாது. மூன்று மாதம் கழித்து வேறொரு சண்டையில் ‘நீதான் அன்னிக்கு எடுத்தவனாச்சே’ என்று சித்தப்பா சொன்னால், திருப்பிக் கொடுத்ததற்கு என்ன பொருள் என்று பிள்ளை யோசிக்கும்.

இந்த வழிக்கும் மறைவான விலை உண்டு. பெற்றோரின் நேரமும் பொறுமையும் நிறையச் செலவாகும். காலணித் தொழிற்சாலைக்குக் காலையில் கிளம்பி இருட்டிய பின் வீடு திரும்பும் தாய்க்கு எட்டு வாரம் கணக்குப் பார்ப்பது எளிதல்ல. வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையில் நிற்க வேண்டும். மேலும், மிரட்டிப் பறிக்கப்பட்ட பிள்ளையிடமும், பள்ளிக்காகக் கேட்க முடியாமல் எடுத்த பிள்ளையிடமும் முதல் வேலையாகத் திருப்பிக் கேட்பது நியாயமாகாது. அங்கே முதலில் பயத்தையும் தேவையையும் தீர்க்க வேண்டும்.

கைச்செலவுக்குப் பணம் தருவது

பணம் தின்பண்டத்துக்கோ நண்பர்களுக்கோ போயிருந்தால் இந்த வழி முந்தையதுடன் நன்றாகச் சேரும். கையில் காசே இல்லாத பிள்ளை பள்ளி வாசலில் மற்றவர்கள் வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்பதைப் பெரியவர்கள் மறந்துவிடுகிறோம். வாரம் ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட சிறு தொகை, கேள்வி கேட்காமல் கொடுப்பது. தீர்ந்துவிட்டால் அடுத்த வாரம்வரை கிடையாது என்பது. தொகையைவிட நாள் தவறாமல் கொடுப்பதே முக்கியம்.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. திருடியதற்கு மறுநாளே கைச்செலவு தொடங்கினால், எடுத்ததற்குப் பரிசு கிடைத்ததாக அக்கா தங்கைக்குத் தோன்றும். ஆகவே வீட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் வயதுக்கேற்ப ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். புகையிலைக்கோ விளையாட்டுக்கோ பணம் போகிறது என்று தெரிந்த பிறகு கையில் காசு கொடுப்பது அந்தப் பழக்கத்துக்கே தீனி. அங்கே தேவையான பொருளாக வாங்கிக் கொடுப்பதே சரி.

ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ அழைத்துச் செல்வது

ஒருமுறை, இருமுறை எடுத்த பிள்ளைக்கு மனநோய் இருக்கிறது என்று பயப்பட வேண்டியதில்லை. தேவையே இல்லாமல் எடுக்கத் தூண்டப்படும் கிளெப்டோமேனியா என்ற நிலை உண்மையிலேயே அரிது. ஆனால் எடுப்பதுடன் வேறு சில மாற்றங்களும் சேர்ந்து வந்தால் காத்திருக்கக் கூடாது: அடிதடி, விலங்குகளைத் துன்புறுத்துவது, பொருள்களை வேண்டுமென்றே உடைப்பது, பள்ளிக்குப் போகாமல் சுற்றுவது, அல்லது அதற்கு நேர்மாறாக ஒடுங்கிப்போவது, தூக்கம் கெடுவது, படுக்கையில் மீண்டும் சிறுநீர் போகத் தொடங்குவது, குறிப்பிட்ட ஒருவரைப் பார்த்தால் நடுங்குவது. கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் உள்ள பிள்ளை, யோசிக்குமுன் கை நீட்டிவிடும். அதற்குச் சிகிச்சை கிடைத்தால் எடுப்பதும் குறையலாம்.

நம் பக்கத்தில் இதற்கு வசதி இல்லாமல் இல்லை. வேலூரை அடுத்த பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நேரில் போகுமுன் பேசிப் பார்க்க விரும்பினால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

விலை என்னவென்றால், வாணியம்பாடியிலிருந்தோ பேரணாம்பட்டிலிருந்தோ வருபவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். ஒரே சந்திப்பில் முடியாது, பலமுறை வரவேண்டியிருக்கும். ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள்’ என்ற பேச்சுக்கு அஞ்சியே பலர் தள்ளிப்போடுகிறார்கள். பிள்ளையிடம் ‘உன்னைத் திருத்தத்தான் டாக்டரிடம் போகிறோம்’ என்று சொன்னால் அது அங்கே வாயைத் திறக்காது. ‘நமக்குள்ள ஒரு கஷ்டம் இருக்கு, அதைப் பேசிட்டு வரலாம்’ என்று சொல்வது உண்மைக்கும் நெருக்கமானது. பெற்றோரிடமும் கேள்விகள் கேட்கப்படும். குடிப்பழக்கம், தினசரிச் சண்டை போன்றவற்றை மறைக்காமல் சொல்லும் மனம் வேண்டும்.

விடுதிக்கோ காவல் நிலையத்துக்கோ அனுப்புவது

விடுதியில் சேர்த்துவிட்டால் ஒழுக்கம் வரும் என்பது பரவலான நம்பிக்கை. நல்ல படிப்புக்காக விடுதியில் சேர்ப்பது வேறு. எடுத்ததற்குத் தண்டனையாகச் சேர்ப்பது வேறு. பின்னதில், வீட்டில் தனக்கு இடமில்லை என்ற எண்ணமே பிள்ளைக்கு எஞ்சும். அங்கே சக மாணவனின் பெட்டியிலிருந்து எடுத்துப் பிடிபட்டால், ஆயாவைப் போல மன்னிக்க அங்கே ஆளில்லை.

பயமுறுத்துவதற்காகத் தெரிந்த போலீஸ்காரரை வைத்து அதட்டச் சொல்வதும் நடக்கிறது. பதினெட்டு வயதுக்குட்பட்டவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்க இளைஞர் நீதிச் சட்டம் அனுமதிப்பதில்லை. எனவே அந்த மிரட்டல் பொய் என்பது பதின்வயதுப் பிள்ளைக்கு விரைவிலேயே தெரிந்துவிடும். சின்னப் பிள்ளையோ, நாளை உண்மையிலேயே ஆபத்து வந்து காவலரிடம் ஓட வேண்டிய நேரத்தில் ஓடாது. காவல்துறையை அணுக வேண்டிய நிலை ஒன்று உண்டு: பிள்ளையிடமிருந்து யாரோ பணம் பறிக்கிறார்கள், படம் வைத்து மிரட்டுகிறார்கள், போதைப்பொருள் விற்கிறார்கள் என்று தெரிந்தால், அவர்கள்மீது புகார் கொடுக்க வேண்டும். அங்கே பிள்ளை பாதிக்கப்பட்ட தரப்பு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையும் இதற்கு நாடலாம்.

ஒரு வழியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரம்

பூட்டுவதை முதல் நாளே செய்துவிடலாம். பேசித் திருப்பிக் கொடுக்க வைப்பதற்கு இரண்டு மாதம் அவகாசம் தரலாம்; அதற்குள் ஒருமுறை மறுபடி எடுத்தால் அது தோல்வி அல்ல, கணக்கை மீண்டும் தொடங்கலாம். மூன்றாவது முறையும் நடந்தால், அல்லது எடுக்கும் தொகை திடீரென நூறிலிருந்து ஆயிரங்களுக்கு ஏறினால், வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். உறவினர் வீட்டில் எடுத்திருந்தால், அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிப் பிள்ளையோடு போய்க் கொடுத்துவிட்டு வரலாம். நாமே சொல்வதற்குள் வேறு வழியில் அவர்களுக்குத் தெரிந்துவிட்டால் பேச்சு நம் கையில் இருக்காது. பிள்ளையின் உடலில் காரணம் சொல்ல முடியாத காயம் தெரிந்தாலோ, இரவில் வீடு திரும்பாமல் இருந்தாலோ, பணத்தைப் பற்றிய விசாரணையை ஒத்திவைத்துவிட்டு அன்றைக்கே 1098-ஐ அழைக்க வேண்டும்.